விரலைப் பிடிக்கும் பக்கம்

வியாழக்கிழமை காலை, பள்ளி அலுவலகத்து லேசர் பிரிண்டருக்குள் என் ஆலிவ் மரங்கள் உருகிப்போயின. முதலில் வாடைதான் வந்தது. வாணலியின் பிடி அடுப்பில் கருகும்போது வருமே, அது. பிறகு மூடி இடுக்கிலிருந்து நூல் நூலாகப் புகை. அலுவலகப் பொறுப்பாளர் ஸாலிஹா ஓடிவந்து பிரிண்டரின் வயிற்றைத் திறந்தாள். உள்ளே சூடான உருளையைச் சுற்றி, நான் ஆசையாக வாங்கிவந்த, கண்ணாடி போன்ற ஓ.எச்.பி. ஷீட் சுருண்டு பாலாடை மாதிரிப் படிந்திருந்தது. அதன் ஓரத்தில் நான்கைந்து கரும்புள்ளிகள் தெரிந்தன. மரங்களில் மிஞ்சியவை அவைதான்.

"நஸீஹா, என்ன ஷீட்டு இது? பேனாவால எழுதுற ஷீட்டக் கொண்டாந்து இதுக்குள்ள விட்டிருக்க! இந்த மெஷின் உள்ள ரொட்டி அடுப்பு மாதிரி கொதிக்கும்னு தெரியாதா? புது உருளை தூனிஸ்லருந்து வரணும். அது வர்ற வரைக்கும் பரீட்சைத் தாளையெல்லாம் எங்கப்பா வந்து கையால எழுதித் தருவாரா?"

"மன்னிச்சுக்க ஸாலிஹா. கடையில குடுத்தத வாங்கிட்டு வந்தேன்."

"கடைக்காரன் கேட்டிருப்பானே, எந்த மெஷினுக்குன்னு?"

கேட்டிருப்பார். நான் தலையாட்டியிருப்பேன். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவது அந்த நாட்களில் என் பழக்கம். ஸாலிஹா கத்தியதில்கூடப் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை அவள் உதட்டில் படித்துக்கொண்டேன். கோபக்காரர்களின் உதடுகளைப் படிப்பது சுலபம். ஒவ்வொரு சொல்லையும் கடித்துத் துப்புவார்கள்.

எனக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. ஆறு வருடம் முன்பு வந்த ஒரு காய்ச்சல், போகும்போது என் வலது காதை முழுதாகவும் இடது காதில் பாதியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வீட்டில் என் கணவர் லுத்ஃபிக்குத் தெரியும், அவர் தங்கை ரஃபீக்காவுக்குத் தெரியும். பள்ளியில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். பூகோளம் எடுக்கிற டீச்சருக்குக் காது எதற்கு, வாய் போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். ஆனால் அந்த வருடம் யாரோ ஒரு தகப்பன், 'மேடம் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை' என்று மேலே எழுதிப்போட்டுவிட்டான். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். காது கேட்காத டீச்சரை வகுப்பில் வைக்கமாட்டார்கள். பதிவேட்டு அறைக்கு மாற்றுவார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. பழைய மாணவர்களின் பெயர்கள்தான் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும், புதுப் பிள்ளை ஒன்றுகூட வராது.

என் எதிரி கரும்பலகைதான். முகத்துக்கு முகம் இருக்கும்வரை எனக்குக் கவலையில்லை, யார் பேசினாலும் படித்துவிடுவேன். பலகையில் எழுதத் திரும்பினேனோ, முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் முதுகுக்குப் பின்னால் காணாமல் போய்விடுவார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் மேலிடத்திலிருந்து ஓ.எச்.பி. ப்ரொஜெக்டர் ஒன்று பள்ளிக்கு வந்தது. யாரும் தொடவில்லை, ஸாலிஹா அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். ஒருநாள் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். விளக்கின்மேல் வைக்கும் ஷீட்டின் எழுத்து எனக்குப் பின்னால் சுவரில் விழுகிறது, என் முகமோ பிள்ளைகளைப் பார்த்தே இருக்கிறது. திரும்பவே வேண்டாம். இப்படி ஒன்றை யார் எனக்காக யோசித்துச் செய்தார்கள் என்று அன்று அழுகையே வந்தது.

சனிக்கிழமைப் பாடம், நம் ஸ்ஃபாக்ஸ் ஊர் ஆலிவ் மரங்கள் ஏன் இருபத்துநாலு மீட்டர் தள்ளித் தள்ளி நிற்கின்றன என்பது. மூன்று ஷீட்டுகள். முதலாவதில் மேலிருந்து பார்த்த மரங்கள், வெறும் புள்ளிகளாக. அதன்மேல் வைக்க மழையளவு வரைபடம் ஒன்று. அதற்கும் மேலே வேர்கள். அதில் முதலாவது இப்போது ஸாலிஹாவின் உருளையில், மற்ற இரண்டுக்கும் வழியில்லை.

மதியம் பழைய நகரத்தின் பாப் திவான் வாசலுக்குப் பக்கத்திலிருந்த ஸி மொன்ஸெஃபின் ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். மரியாதைக்கு ஆண்கள் பெயரின் முன்னால் 'ஸி' சேர்ப்பது எங்கள் வழக்கம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. மேலுதட்டைத் தாண்டிக் கீழுதடுவரை தொங்குகிற மீசை. முதலில் ஷீட் வாங்கிய அன்றைக்கு நான் தலையாட்டியதற்கு அந்த மீசைதான் காரணம். அது வாயா வைக்கோல்போரா என்று தெரியாது. ஸாலிஹா சுரண்டியெடுத்த உருகின ஷீட்டைக் கல்லாவின்மேல் வைத்தேன். அவர் பார்த்தார். மீசை அசைந்தது. தலையாட்டப் போனேன். சட்டென்று ஸாலிஹாவின் முகமும் ஜன்னலில்லாத அந்த அறையும் கண்முன் வந்தன.

"ஸி மொன்ஸெஃப், எனக்குக் காது கேக்காது" என்றேன். வெளி ஆளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "உதட்டப் பாத்துத்தான் பேச்சப் புரிஞ்சுக்குவேன். உங்க மீசைக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியல."

அவர் என்னைப் பார்த்தார். காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். இரண்டு கைவிரல்களாலும் மீசையின் இரண்டு பக்கத்தையும் திரைச்சீலை மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து சொன்னார்: "இப்ப தெரியுதா?"

"தெரியுது."

"என் பொண்டாட்டி இருபது வருஷமா வெட்டுங்கறா. நான் வெட்டல. உங்களுக்காகத் தூக்கிப் புடிக்கிறேன். போய் அவகிட்ட சொல்லிறாதீங்க."

கடையில் நின்ற இன்னொருவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே போய்விட்டார். ஸி மொன்ஸெஃப் ஒரு கையால் மீசையைப் பிடித்தபடி மறு கையால் மூன்று ஷீட்டுகளை எடுத்து வரிசையாகப் பரப்பினார். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். மூன்றுக்கும் கீழே கல்லாவின் மரப்பலகை அப்படியே தெரிந்தது.

"இது பேனா ஷீட்டு. கையால எழுத மட்டும். சூட்டுல காட்டினா அழுதுரும். இது லேசருக்கு, கொதிக்கிற மெஷினுக்குள்ள போயிட்டுச் சிரிச்சுக்கிட்டே வெளிய வரும். இது இங்க் பிரிண்டருக்கு. மை பீச்சுற மெஷின். கண்ணாடில மை நிக்காதுல்ல, அதனால இதுல ஒரு பூச்சு பூசியிருக்கான். எந்த மெஷின்னு சொல்லாம ஷீட்டு வாங்குறது, கால் அளவு சொல்லாம செருப்பு வாங்குற மாதிரி. உங்களுக்கு எந்த மெஷின்?"

ஸாலிஹாவின் பிரிண்டர் படுத்துவிட்டது. மீதியிருந்தது ரஃபீக்காவின் வீட்டு பிரிண்டர்தான். கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுப்பது அவள் தொழில்.

"மை பீச்சுறது" என்றேன்.

"அப்போ மூணாவது. ஆறே ஆறுதான் இருக்கு. ஒண்ண மட்டும் மறந்துறாதீங்க மேடம்…" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறிப் பரணில் பெட்டியைத் தேடினார். அவர் முதுகும் சட்டையின் வேர்வைப் பட்டையும்தான் எனக்குத் தெரிந்தன. எதை மறக்கக்கூடாது என்பதை அவர் பரணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கிவந்ததும் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஒரே நாளில் இரண்டு தடவை கேட்க வெட்கமாக இருந்தது. முதலில் வாங்கிய பேனா ஷீட்டுக் கட்டைத் திருப்பிக் கொடுக்க நீட்டினேன். வேண்டாம் என்று கையசைத்து, அதனோடு அழியாத கறுப்புப் பேனா ஒன்றையும் சேர்த்து என் பையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ரஃபீக்காவின் வீட்டில், பத்திரிகை அட்டைகளின் நடுவே இருவரும் உட்கார்ந்தோம். பெட்டியைப் பிரித்தோம். நாங்கள் எல்லோரும் பிரிக்கிற மாதிரிதான், அரபுப் புத்தகத்தைத் திறப்பதுபோல வலப்பக்கத்திலிருந்து. அதை அடைத்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், இடப்பக்கத்திலிருந்து திறப்பவர்கள் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. மேலே இருந்த ஷீட்டை அப்படியே எடுத்து அப்படியே பிரிண்டரில் வைத்தோம். மரங்கள் அழகாக வந்தன. ரஃபீக்கா கையில் எடுத்ததும் மரங்கள் வழியத் தொடங்கின. வாழையிலையில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்குமே, அப்படி மை ஒட்டாமல் உருண்டு ஓடியது.

"காய வெக்கணும் அண்ணி" என்று முடி உலர்த்தும் கருவியை எடுத்துவந்தாள். ஷீட் அப்பளமாகச் சுருண்டது. இரண்டாவது ஷீட்டை ஜன்னலோரம் காயவைத்தோம், அரை மணி கழித்தும் ஈரம். மூன்றாவதை மின்விசிறியின் கீழ் வைத்தோம், பறந்துபோய் அவளுடைய வெள்ளைச் சோபாவின்மேல் விழுந்தது. சோபாவில் இன்றுவரை இரண்டு ஆலிவ் மரங்கள் இருக்கின்றன. நான்காவதில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழு அண்ணி, நல்லா அழு. ஆனா ஷீட்டு மேல அழாத, அது ஏற்கெனவே ஈரமா இருக்கு."

"நாளைக்கு அந்த ஆள் பின்னாடி பெஞ்சுல உக்காருவாரு. நான் பலகைல எழுதத் திரும்புவேன். அவர் என்னவோ கேப்பாரு. நான் பாட்டுக்கு எழுதிட்டு இருப்பேன். அவ்வளவுதான் ரஃபீக்கா."

ரஃபீக்கா கட்டை அருகே இழுத்துக்கொண்டாள். மீதி எத்தனை என்று பார்க்க, பத்திரிகை அட்டைகளை எண்ணுகிற பழக்கத்தில் விரல்களை நாக்கில் நனைத்துக்கொண்டு ஷீட்டைத் தள்ளினாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. அடியில் கொடுத்த கட்டைவிரல் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. மறுபடி நனைத்தாள், மறுபடி தள்ளினாள். கண்களை அகல விரித்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, கையக் குடு. நாக்குல நனை. இங்க தொடு. என்ன பண்ணுது?"

"வழுக்குது."

"திருப்பித் தொடு."

ஷீட் என் விரலைப் பிடித்துக்கொண்டது. மெல்ல, பால்குடிக்கும் குழந்தை பிடிக்கிற அளவுக்கு.

"விரலப் புடிக்கிற பக்கம்தான் மையையும் புடிக்கும்! நாம முதுகுல அடிச்சுட்டு இருந்தோம் அண்ணி, முதுகுல!"

ஸி மொன்ஸெஃப் பரணுக்குச் சொன்னது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் கையில் இருந்தவை இரண்டு ஷீட்டுகள்தான். மரங்களை ஒன்றில் அடித்தோம், மழையை ஒன்றில் அடித்தோம். இரண்டும் பொட்டுப்போல ஒட்டிக் காய்ந்தன. வேர்களுக்கு ஷீட் இல்லை, கடையும் மூடியாகிவிட்டது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஸி ஷெட்லி வந்தார். ஒல்லியான மனிதர், மடியில் நோட்டு, மூக்கு நோட்டுக்குள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ப்ரொஜெக்டரைப் போட்டேன். அதன் விசிறி இரையத் தொடங்கியது; இடது காதில் மிஞ்சியிருந்த கொஞ்சத்தையும் அந்த இரைச்சல் மூடிவிட்டது. இனி எல்லாம் கண்தான் என்று நினைத்த நேரத்தில் ஸி ஷெட்லி எழுந்து ஜன்னல் திரைச்சீலையைக் காட்டினார். இழுத்து மூடச் சொல்கிறார் என்று கை சொல்லியது. மூடினால் சுவரில் மரங்கள் நன்றாகத் தெரியும். பிள்ளைகளின் உதடுகள் தெரியாது.

முதல் பெஞ்சு இன்ஸாஃப் எழுந்தாள். என்னைப் பார்த்தபடியேதான் அவருக்குச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக:

"ஸார், திரையப் பாதி தொறந்தே வெச்சுக்கலாமா? குறிப்பு எடுக்கணும். எங்களுக்கு வெளிச்சம் வேணும்."

அந்த வகுப்பில் யாரும் குறிப்பெடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் முப்பத்தெட்டு நோட்டுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. திரை பாதியில் நின்றது.

மரங்களை வைத்தேன். ஏன் இவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று கேட்டேன். கைகள் உயர்ந்தன. ஒருவன் எழுந்தான், நான் அவன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தான், பிறகுதான் வாயைத் திறந்தான். இன்னொருத்தி எழுந்தாள், அவளும் காத்திருந்தாள். பேசும்போது யாரும் தலையைக் குனியவில்லை, யாரும் கையால் வாயை மறைக்கவில்லை. நல்லொழுக்கம் என்று வருடம் முழுக்க நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். மழை வரைபடத்தை மரங்களின்மேல் வைத்தபோது ஸி ஷெட்லி நோட்டிலிருந்து தலை தூக்காமலே ஏதோ கேட்டார். கேட்டார் என்பதுகூட, பிள்ளைகள் எல்லோரும் ஒருசேரப் பின்னால் திரும்பியதால்தான் தெரிந்தது. தலையாட்டத் தொடங்கினேன்.

இன்ஸாஃப் மறுபடி எழுந்தாள். "மேடம், ஸார் கேக்குறது எனக்கும் சந்தேகமா இருக்கு. மழை கொஞ்சமாப் பெய்யற ஊர்ல மரத்த நெருக்கி நட்டா மண்ணு காயாம இருக்கும்ல? ஏன் தள்ளி நட்டாங்க?"

அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. காவல் இருந்தது. அவளுக்குப் பின்னால் முப்பத்தேழு முகங்கள், ஒன்றுகூட ஜன்னல் பக்கம் திரும்பாமல், என் பக்கமே. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் டீச்சர் டீச்சர்தான்.

"நல்ல கேள்வி. பதில் மேல இல்ல, மண்ணுக்குக் கீழ இருக்கு. யார் வந்து காட்டுறீங்க?" என்று சொல்லி, பேனா ஷீட் ஒன்றை எடுத்து மரங்களின்மேல், மழையின்மேல் வைத்தேன். ஸாலிஹாவின் பிரிண்டரைக் கொன்ற அதே கட்டிலிருந்து ஒன்று.

தர்ஸாஃப் வந்தாள். அகாரெப் ஊர்ப் பக்கத்துப் பெண், ஆலிவ் தோட்டத்திலேயே வளர்ந்தவள். ஸி மொன்ஸெஃப் கொடுத்த பேனாவை வாங்கிக்கொண்டாள். விளக்கின் வெளிச்சம் கீழிருந்து அவள் முகத்தில் அடிக்க, என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டே வரைந்தாள். "மேல பாத்தா இது தனி மரம், அது தனி மரம். எங்கப்பா கிணறு தோண்டுனப்ப நான் பாத்தேன் மேடம். ஒரு மரத்தோட வேரு பன்னெண்டு மீட்டர் இப்பிடி வருது. பக்கத்து மரத்தோடது பன்னெண்டு மீட்டர் அப்பிடி வருது. நெருக்கி நட்டா ரெண்டும் தாகத்துலயே செத்துரும். தள்ளி நட்டா… இங்க தொட்டுக்குது." ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோடுகள் கிளம்பி அடுத்த புள்ளியின் கோடுகளைப் போய்த் தொட்டன. என் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க அது பரவிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் முன்னால் இருந்த முகங்களில் அதன் வெளிச்சம் தெரிந்தது, அது போதும்.

மணி அடித்ததும் ஸி ஷெட்லி நோட்டை மூடிக்கொண்டு முன்னால் வந்தார். ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார். சொல்லைச் சொல்லாகப் பிரித்து, நிதானமாகக் கேட்டார்: "எந்த ஷீட்டு மேடம் இது? எங்க பள்ளிக்கூடங்கள்ல எல்லாம் உருகிப்போகுது."

"மெஷினச் சொல்லி வாங்கணும் ஸார். மை பீச்சுறதா இருந்தா, விரலப் புடிக்கிற பக்கத்துல அடிக்கணும்."

அதை எழுதிக்கொண்டார். அவர் எப்போதும் அப்படித்தான் நிதானமாகப் பேசுவாரா, எனக்காகப் பேசினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருடைய அறிக்கையில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. பதினாறு வருடம் கழித்து, அறுபதாவது வயதில், அதே வகுப்பறையிலிருந்துதான் ஓய்வு பெற்றேன்.

பிள்ளைகள் கலைந்த பிறகு இன்ஸாஃபை மட்டும் நிறுத்தினேன்.

"எப்பலருந்து தெரியும்?"

"அக்டோபர்லருந்து மேடம். நீங்க பலகைல எழுதும்போது ஹிஷெம் சேவல் மாதிரி கூவினான். நீங்க திரும்பவே இல்ல. ரெண்டாவது தடவையும் கூவினான்."

"அப்புறம்?"

"அப்புறம் வெளிய கூட்டிட்டுப்போய் அவன அடிச்சோம். அவன்தான் அப்புறம் சொன்னான், 'மேடம் பாக்காதப்ப யாரும் பேசக்கூடாது, பேசினா நான் அடிப்பேன்'னு."

சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை. திங்கட்கிழமை ரஃபீக்கா ஒரு தட்டு மக்ரூத், பேரீச்சம்பழம் வைத்த பலகாரம், சுட்டுக் கொடுத்தாள். வகுப்புக்குக் கொஞ்சம், ஸாலிஹாவுக்குக் கொஞ்சம், மீதியை ஸி மொன்ஸெஃபின் கடைக்குக் கொண்டுபோனேன். "எனக்கெதுக்கு?" என்று அவர் கேட்டது எனக்கு உடனே புரிந்தது. மீசையின் நடுவில், சரியாக ஒரு வாய் அளவுக்கு, கத்தரி போட்டிருந்தார்.

அந்த மூன்று ஷீட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. போன வாரம் துணி மடிக்கும்போது அலமாரியின் அடியில் கிடைத்தன. இந்த வயதில் இரண்டு காதும் முழுதாகப் போய்விட்டன. வீடு அமைதியாக இருந்தது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னலுக்கு எதிரே பிடித்தேன். ரஃபீக்காவின் மை வருடங்களில் வெளுத்துவிட்டது. மழை சுத்தமாகப் போய்விட்டது. மரங்கள் இருந்த இடத்தில் மஞ்சள் கறைகூட இல்லை. தர்ஸாஃபின் பேனா மட்டும் அப்படியே இருந்தது. மரங்களே இல்லாத வெறும் வானத்தில், கறுப்பு வேர்கள் எங்கிருந்தோ கிளம்பி, நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அந்தத் தொட்ட இடத்தில் ஒரு சின்ன மைக்கட்டி. விரலை நாக்கில் நனைத்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.